இணையவழித் தேட்டப் பாடம்: அதன் அமைப்பும் பயனும்

ஆசிரியர் கூறும் பொருளைக் கேட்டு மனத்திருத்தலும், தானே வினாவி ஆராய்ந்து ஒரு முடிபினைக் காண்டலும் எனக் கற்றல் இருவகைப்படும். இவ்விரண்டும் வேண்டுவனவே. முன்னையது இன்றிப் பின்னையது கைகூடாது. பின்னையது இன்றேல் முன்னையது நிலைபெறாது. பாடசாலைகளில் முன்னையதற்கு உரிய ஒழுங்குகள் நெடுங்காலமாக நன்கு அமைந்துள்ளன. பாடநூல், கரும்பலகை, குறிப்பேடு, பரீட்சை ஆகிய யாவும் அதற்குத் துணை செய்வன. பின்னையதற்கு உரிய ஒழுங்குகள் அத்துணை நன்கு அமையவில்லை. நூலகத்தில் நூல்கள் குறைவு, ஆய்கூடத்திற் கருவிகள் குறைவு, பாடவேளைகள் குறைவு என்பன அதற்குக் கூறப்பட்டுவந்த காரணங்கள். இணையம் பரவியபின் இவற்றுள் முதலாவது காரணம் பெரிதும் வலியிழந்தது. ஒரு சிற்றூர்ப் பாடசாலை மாணாக்கனும் உலகின் பெரிய நூலகங்கள் வைத்துள்ள ஆவணங்கள் பலவற்றைத் தன் வகுப்பறையிலிருந்தே காணலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

இந்நிலை வந்தவுடன் ஆய்வுவழிக் கற்றல் தானாகவே தழைக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. 'நிலத்தடி நீரைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு கட்டுரை எழுதுக' என்று ஒப்படை கொடுக்கப்படுகின்றது. மாணாக்கன் தேடற்பொறியில் இரு சொற்களை இடுகின்றான். முதலில் தோன்றும் பக்கத்தைத் திறக்கின்றான். அதிலுள்ளதைப் படியெடுத்து, அழகிய முகப்பட்டை இட்டு ஒப்படைக்கின்றான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது ஒப்படைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இதன்கண் உள்ள குற்றத்தை மாணாக்கன்மேல் மட்டும் சுமத்துதல் முறையாகாது. வினா கேட்டது செய்தியை. அவன் கொணர்ந்ததும் செய்தியே. சிந்திக்க வேண்டிய இடம் எதுவும் அவ்வினாவில் இல்லை. ஆதலின், இணையத்தைக் கொண்டு கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதற்கண் ஆராய வேண்டியது, மாணாக்கன் எங்கே தேடுகின்றான் என்பதிலும் பார்க்க, தேடிக் கண்டதைக்கொண்டு அவன் யாது செய்யும்படி பணிக்கப்படுகின்றான் என்பதேயாம். இக்கருத்தினை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கற்பித்தல் முறை ஒன்றன் வரலாறும் அமைப்பும் பயனும் ஈண்டு விளக்கப்படும்.

தோற்றமும் வரலாறும்

இணையத்தின்வழி உலகெங்கும் ஆவணங்களைப் பிணைக்கும் 'உலகளாவிய வலை' என்னும் ஏற்பாட்டை ரிம் பேணர்ஸ்-லீ என்பார் 1989 ஆம் ஆண்டிற் சுவிற்சலாந்திலுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்தில் முன்மொழிந்தார். 1993 ஆம் ஆண்டு ஏப்ரில் 30 ஆந் திகதி அது யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமை ஆக்கப்பட்டது. அதன்பின் ஈராண்டு கழியுமுன்னரே அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் உள்ள சான் டியேகோ அரச பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவருக்குக் கற்பித்து வந்த பேராசிரியர் பேணி டொட்ஜ் என்பார், ரொம் மார்ச் என்பாரோடு சேர்ந்து, வலையைக்கொண்டு பாடம் அமைக்கும் ஒரு முறையை வகுத்தார். 1995 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் அது 'வெப்குவெஸ்ற்' எனப் பெயர் பெற்றது. தமிழில் அதனை 'இணையவழித் தேட்டம்' எனலாம். கூகிள் தேடற்பொறி தோன்றிய 1998 ஆம் ஆண்டிற்கும் இம்முறை முற்பட்டது என்பது கருதத்தக்கது.

மாணாக்கர் கையாளும் தகவல்களுட் சிலவோ அனைத்துமோ இணையத்திலிருந்து கிடைக்குமாறு அமைந்த, ஆய்வை நோக்கமாகக் கொண்ட கற்றற் செயற்பாடு என்று டொட்ஜ் இதற்கு இலக்கணம் கூறினார். தகவலைத் தேடுவதிற் காலத்தை வீணாக்காது, கிடைத்த தகவலைப் பயன்படுத்துவதில் மாணாக்கரின் காலம் செலவாதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. அறிமுகம், பணி, தகவல் மூலங்கள், செயன்முறை, வழிகாட்டல், முடிவுரை என ஆறு உறுப்புகளை அவர் முதலில் வகுத்தார். மதிப்பீடு என்பது பின்னர் ஒரு தனியுறுப்பாகச் சேர்ந்தது. ஒன்று முதல் மூன்று பாடவேளைகளில் முடியும் குறுந்தேட்டம், ஒரு கிழமை முதல் ஒரு மாதம்வரை நீளும் நெடுந்தேட்டம் என அதனை இருவகைப்படுத்தினார். முன்னையது அறிவைப் பெற்று இயைத்தற்கும், பின்னையது அதனை விரித்துச் செப்பஞ் செய்தற்கும் உரியன.

இம்முறை புதிதாயினும் இதன் வேர்கள் பழையன. யோன் டூயி 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாம் சிந்திக்கும் முறை' என்னும் நூலில், ஓர் இடர்ப்பாட்டை உணர்தல், அதனை வரையறுத்தல், தீர்வு ஒன்றனைக் கருதுதல், அதன் விளைவுகளை ஆராய்தல், மேலும் நோக்கியும் சோதித்தும் அதனை ஏற்றலோ தள்ளலோ செய்தல் என ஐந்து படிகளைக் காட்டினார். பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956 ஆம் ஆண்டில் அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என்னும் படிமுறையை வகுத்தனர். ஜெரோம் புறூணர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கல்விச் செயன்முறை' என்னும் நூல், ஒரு துறையின் அமைப்பையே மாணாக்கர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றது. கட்டடம் எழும்போது சாரம் கட்டுதல் போல, மாணாக்கன் தானாகச் செய்யும் வன்மை பெறும்வரை ஆசிரியர் துணை நின்று, பின்னர் அத்துணையைப் படிப்படியாக நீக்குதல் என்னும் கருத்தை வூட், புறூணர், றொஸ் ஆகிய மூவரும் 1976 ஆம் ஆண்டில் விளக்கினர். இணையவழித் தேட்டம் இக்கருத்துகளைப் புதிய கருவி ஒன்றன்மேல் ஏற்றிவைத்தது. இலங்கையில் 2007 ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சீர்திருத்தம் புகுத்திய, ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிமுறையோடும் இது நன்கு பொருந்துவதாகும். ஆதலின் ஈழத்து ஆசிரியருக்கு இது முற்றும் அந்நியமான முறை அன்று.

பணியே உயிர்

மேற்கூறிய உறுப்புகள் யாவற்றினும் தலையாயது பணி. மற்றைய உறுப்புகள் எல்லாம் திருத்தமாக அமைந்து, பணி மட்டும் வறிதாயின், பாடம் வெறும் வினாத்தாளாய் முடியும். இணையவழித் தேட்டம் என்னும் பெயரோடு பல நாடுகளிலும் வெளிவந்த பாடங்களுட் பல இக்குறையுடையனவே. இத்தளத்திற் சென்று இவ்வினாவிற்கு விடை எழுதுக, அத்தளத்திற் சென்று அவ்வினாவிற்கு விடை எழுதுக என அவை அமைந்தன. இவற்றில் இணையம் பாடநூலின் இடத்தைப் பெற்றதேயன்றி வேறு மாற்றம் இல்லை.

டொட்ஜ் பின்னர்ப் பணிகளைப் பன்னிரு வகையாகப் பகுத்துக் காட்டினார். கண்டதை மீளக் கூறல், திரட்டித் தொகுத்தல், புதிரை விடுவித்தல், செய்தியாளர்போல் எழுதல், ஒன்றனைத் திட்டமிட்டு வடிவமைத்தல், கலைப்பொருள் ஆக்கல், மாறுபட்ட கருத்தினரிடையே உடன்பாடு காணல், பிறரை இணங்கச் செய்தல், தன்னை அறிதல், பகுத்தாராய்தல், தீர்ப்புக் கூறல், விஞ்ஞான முறையிற் சோதித்தல் என்பன அவை. இவற்றுள் மீளக் கூறல் மிக எளியது. அஃது ஒன்றே பணியாயின் அங்குத் தேட்டம் நிகழ்ந்தது என்று கொள்ளல் அரிது.

நற்பணியை அறிதற்கு மூன்று சோதனைகள் போதும். முதலாவது, விடையை ஒரே பக்கத்திலிருந்து படியெடுக்க முடியுமா என்பது. முடியுமாயின் பணி பழுது. இரண்டாவது, நன்கு ஆராய்ந்த இரு குழுவினர் வெவ்வேறு முடிபுகளை அடைந்து, இருவரும் தக்க காரணங் காட்டுதல் கூடுமா என்பது. கூடாதாயின் அங்குத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மூன்றாவது, மாணாக்கர் ஆக்கும் பொருளை ஆசிரியரல்லாத ஒருவர் வாங்கிப் படித்தற்கு நியாயம் உண்டா என்பது. இல்லையாயின் மாணாக்கர் அதனைப் புள்ளிக்காகவே செய்வர். 'நிலத்தடி நீரைப் பற்றி எழுதுக' என்பது இம்மூன்று சோதனைகளிலும் தவறுகின்றது. அதே பொருளை இம்மூன்றும் நிறைவேறுமாறு மாற்றியமைக்கும் வகையைக் கீழ்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் பாயும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை நிலத்தின்கீழ் உள்ள சுண்ணாம்புக்கற் படையிற் சேர்ந்து, கடலுவர் நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. குடிநீரும் தோட்டத்து நீரும் கிணறுகளின் வழியே பெரும்பாலும் இதிலிருந்தே பெறப்பட்டுவந்தன. செம்பாட்டு நிலங்களில் இடப்படும் பசளையும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் இந்நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன என்பதும், பல கிணறுகளில் அதன் அளவு குடிநீருக்கு ஏற்கப்பட்ட எல்லையைக் கடந்துள்ளது என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மைகள். நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பாலுணவை உண்ணும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று நீங்காது, நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். இவ்வாறு இப்பொருள் மாணாக்கரின் வீட்டு முற்றத்திலேயே நிற்பதாகும்.

பத்தாந் தர விஞ்ஞான வகுப்புக்கு, நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஆறனுள் முடியுமாறு ஒரு தேட்டத்தைப் பின்வருமாறு அமைக்கலாம். அறிமுகம் நான்கு வரிகளில் அமையும்: இரண்டு பரப்புக் காணி ஒன்றிற் கைக்குழந்தை உள்ள குடும்பம் ஒன்று வீடு கட்ட எண்ணுகின்றது, அயற் காணிகள் இரண்டிற் கிணறுகள் உண்டு, ஒரு பக்கத்திற் புகையிலைத் தோட்டம் உண்டு. பணியும் சுருக்கமானது: இக்காணியிற் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் எங்கெங்கு அமைக்கலாம், அல்லது கிணறே வேண்டாவா என்று தீர்மானித்து, அளவுகள் குறித்த வரைபடம் ஒன்றும், காரணங்கள் விளங்கும் இரண்டு பக்க ஆலோசனை ஒன்றும் அக்குடும்பத்தினருக்கு ஆக்கிக் கொடுத்தல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இறுதிப் பாடவேளைக்கு வந்து, அவ்வாலோசனைகளைக் கேட்டு வினாவுதல் சாலச் சிறந்தது.

இப்பணியில் மாணாக்கர் எதிர்ப்படும் இடர்கள் தாமே பாடங்களாகின்றன. இரண்டு பரப்பு என்பது இருபது பேர்ச். ஏறக்குறைய 506 சதுர மீற்றர். காணி சதுரமாயின் பக்கம் ஒன்று 22.5 மீற்றர், மூலைக்கு மூலை 32 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பேரிடர்க் காலத்து உதவிப் பணிகளுக்கு வழிகாட்டும் ஸ்பியர் கையேடு, நிலத்தடி நீர் பெறும் இடத்திலிருந்து கழிவுக்குழி 30 மீற்றருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும் என்கின்றது. எனவே ஒரு மூலையிற் கிணறும் எதிர்மூலையிற் குழியுமாக வைத்தாலன்றி இவ்விதி நிறைவேறாது. அங்ஙனம் வைத்தால் அயலாரின் கிணறு குழிக்கு அண்மையில் வந்துவிடுகின்றது. மேலும் அக்கையேடு, வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இத்தொலைவு கூட்டப்படல் வேண்டும் என்றும் சேர்த்துக் கூறுகின்றது. விதியை மட்டும் படியெடுத்த மாணாக்கன் பிழையான வரைபடத்தை வரைவான். விதியின் காரணத்தையும் நிலத்தின் தன்மையையும் பொருத்திப் பார்த்தவனே தக்க ஆலோசனை கூறுவான். ஒருவன் ஆழம் கூடிய நீர்புகாத தொட்டியைப் பரிந்துரைக்கலாம். வேறொருவன் இரு வீட்டாருக்கும் பொதுவான கிணற்றைப் பரிந்துரைக்கலாம். இன்னொருவன் குடிநீரைக் குழாய்வழிப் பெற்றுக் கிணற்றைக் குளித்தலுக்கும் தோய்த்தலுக்கும் மட்டும் கொள்ளலாம் என்னலாம். மூவரும் தத்தம் காரணங்களை நிலைநாட்டல் கூடும்.

இன்னும் ஓர் இடர் உண்டு. குடிநீரில் நைத்திரேற்றின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணத்திலிருந்து ஒரு மாணாக்கி குறித்து வருவாள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் பக்கத்தைப் பார்த்த மற்றொருத்தி அது 10 மில்லிகிராம் என்பாள். அமெரிக்கர் ஐந்து மடங்கு கண்டிப்பானவர் என்று வகுப்பினர் உடனே முடிவு கட்டுவர். இரு பக்கங்களையும் மீளவும் ஊன்றிப் படித்தால், முன்னது நைத்திரேற்று அயனின் அளவென்பதும், பின்னது அதன்கண் உள்ள நைதரசனின் அளவு மாத்திரமே என்பதும் புலனாகும். நைத்திரேற்றின் சார்திணிவு 62, நைதரசனது 14. எனவே 10 மில்லிகிராம் நைதரசன் ஏறக்குறைய 44 மில்லிகிராம் நைத்திரேற்றுக்குச் சமம். மாறுபட்டனபோல் தோன்றிய இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒன்றையே கூறுகின்றன. அலகைப் பாராது எண்ணைப் பாராதே என்று ஆசிரியர் நூறுமுறை கூறுவதிலும், மாணாக்கர் இவ்வாறு ஒருமுறை தாமே அகப்பட்டுத் தாமே மீளுதல் ஆழமாகப் பதியும். இத்தகைய இடங்களை முன்கூட்டியே கண்டு, இரண்டு பக்கங்களையும் மூலங்களின் பட்டியலில் வேண்டுமென்றே வைத்தல் ஆசிரியரின் திறமை.

மூலங்களைத் தேர்தல்

இணையப் பெருவெளியில் மாணாக்கரைத் திசைகாட்டியின்றி விடுதல் இம்முறையின் கருத்து அன்று. ஆசிரியர் முன்னரே படித்துத் தெரிந்த ஆறு அல்லது எட்டு மூலங்களைப் பட்டியலாகக் கொடுத்தல் வேண்டும். அவற்றுள் அரச நிறுவனம் ஒன்றன் ஆவணம், ஆய்வுக் கட்டுரை ஒன்றன் சுருக்கம், நாளிதழ்ச் செய்தி, நிலப்படம், பொருளொன்றை விற்கும் நிறுவனத்தின் பக்கம் என வெவ்வேறு வகையின கலந்திருத்தல் நன்று. நீர் வடிகட்டி விற்பவரின் பக்கத்தில் உள்ள உண்மை எது, விளம்பரம் எது என்று பிரித்தறிவதும் பாடத்தின் ஒரு பகுதியே. தமிழில் நல்ல மூலம் கிடையாத விடத்து, ஆங்கில ஆவணத்தின் வேண்டிய பந்தி ஒன்றை ஆசிரியர் தமிழாக்கிக் கொடுத்தல் தகும்.

இணையத்திற் கண்டதை நம்பும் இயல்பு இளையோரிடம் எத்துணை வலிது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளில் மரத்தின்மேல் வாழும் எண்காலி என்னும் கடற்பிராணி அருகிவருகின்றது என்று, விளையாட்டாக ஒருவர் 1998 ஆம் ஆண்டில் ஓர் இணையத்தளத்தை அமைத்தார். படங்களும் அளவுகளும் பாதுகாப்பு வேண்டுகோளும் அதில் முறையாக அமைந்திருந்தன. கனெற்றிக்கற் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அதனை ஏழாந் தர மாணாக்கருக்குக் காட்டியபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை நம்பத்தக்கது என்றே கொண்டனர். கற்றவரும் இதற்கு விலக்கல்லர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்குறூ ஆகிய இருவரும் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் ஓர் இணையத்தளத்தின் தோற்றத்தையும் பெயரையும் கண்டு ஏமாறியதையும், செய்தி நிறுவனங்களிற் செய்திகளின் உண்மையைச் சோதிப்பதைத் தொழிலாகக் கொண்டோர் ஏமாறாமையையும் காட்டினர். பின்னையோர் கையாண்ட முறை எளியது. ஒரு தளத்தினுள் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிராது, உடனே அதனை விட்டு வெளியேறி, அத்தளத்தைப் பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தனர். இதனைப் 'பக்கவாட்டு வாசிப்பு' எனலாம். அந்நிய ஊரிற் பெண் கொள்ள நினைப்பவர் பெண்வீட்டாரையே கேட்டு முடிவு செய்வதில்லை, அயலாரிடம் விசாரிப்பர். அவ்வழக்கமே இணையத்திற்கும் பொருந்தும். எனவே பட்டியலிலுள்ள மூலங்களுள் ஒன்றிரண்டையேனும் 'இதனை எழுதியவர் யார், அவருக்கு இதனால் வரும் பயன் யாது' என்று பிற மூலங்களைக்கொண்டு சோதிக்கும்படி மாணாக்கரைப் பணித்தல் வேண்டும்.

மூலங்களைப் பற்றி நடைமுறைக் கவனம் ஒன்றும் உண்டு. இணைய முகவரிகள் நிலையானவை அல்ல. சென்ற ஆண்டு இருந்த பக்கம் இவ்வாண்டு இராது போகலாம். பாடம் நடக்கும் கிழமையில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தலும், இன்றியமையாதவற்றைத் தாளிற் படியெடுத்து வைத்தலும் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தைக் கண்ட ஆசிரியருக்கு இதன் தேவையை விளக்க வேண்டுவதில்லை.

குழுவும் செயன்முறையும்

தேட்டத்தைத் தனியொருவன் செய்வதிலும் நால்வர் சேர்ந்து செய்தல் நலம். மேற்காட்டிய பாடத்தில் ஒருவர் நிலவியலாளராகவும், ஒருவர் சுகாதாரப் பரிசோதகராகவும், ஒருவர் அயற்றோட்டத்துக் கமக்காரராகவும், ஒருவர் வீட்டுக்காரராகவும் நின்று ஆராய்வர். ஒவ்வொருவருக்கும் உரிய மூலங்கள் வேறு. ஒவ்வொருவரும் அறிந்தது மற்றவருக்குத் தேவையானது. முதற் பாடவேளையில் அனைவரும் பொதுவான அடிப்படையைக் கற்பர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தத்தம் மூலங்களைப் படித்துக் குறிப்பெடுப்பர். நான்காவதில் ஒருவருக்கொருவர் விளக்கி, மாறுபாடுகளைத் தீர்ப்பர். ஐந்தாவதில் வரைபடத்தையும் ஆலோசனையையும் ஆக்குவர். ஆறாவதில் அவையின்முன் வைத்து வினாக்களுக்கு விடையிறுப்பர்.

இவ்வேற்பாட்டின் கருத்து தமிழ் மரபுக்கு முற்றும் இயைந்தது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரது வரலாறு, பாடஞ் சொல்லுதலின் வரலாறு, மாணாக்கரது வரலாறு, பாடங் கேட்டலின் வரலாறு என்பவற்றை விரித்துரைத்தவர். ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் புலமையிற் காற்கூறே கிடைக்கும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு கிடைக்கும். எஞ்சிய அரைக்கூறும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்து விளக்குதலாலேயே நிரம்பும் என்பது அவர் கொண்ட கணக்கு. தேட்டத்தின் நான்காம், ஆறாம் பாடவேளைகளை வேறு வேலைகளுக்கு விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதற்கு இதனிலும் மேலான நியாயம் வேண்டுவதில்லை. இறுதியில் எடுத்துரைத்தல் பாடத்தின் அலங்காரம் அன்று, அதன் பாதி.

குழுவினர்க்கு வேண்டிய சாரத்தை ஆசிரியர் முன்னரே கட்டுதல் வேண்டும். குறிப்பெடுக்கும் தாளை நான்கு நிரல்களாக வகுத்து, 'கண்ட செய்தி', 'எங்கே கண்டது', 'இதனை நம்புதற்குக் காரணம்', 'எமது காணிக்கு இதனாற் பெறப்படுவது' எனத் தலைப்பிட்டுக் கொடுத்தால், படியெடுக்கும் பழக்கம் தானே தளரும். ஏனெனில் கடைசி நிரலை எந்த இணையத்தளத்திலிருந்தும் நேரே எடுத்தெழுத இயலாது. அடுத்த தவணையில் மற்றொரு தேட்டம் நடத்தும்போது இந்நிரல்களின் தலைப்புகளை மாணாக்கரே அமைக்குமாறு விடலாம்.

மதிப்பீடு

மாணாக்கர் எதனால் மதிக்கப்படுவர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிதல் வேண்டும். கட்டுரையின் நீளத்துக்கும் படங்களின் அழகுக்கும் புள்ளி வழங்கப்படின் நீளமும் அழகுமே பெறப்படும். எனவே மதிப்பீட்டு அட்டவணையில் நான்கு கூறுகள் போதும்: சான்றுகள் செம்மையாகக் கையாளப்பட்டனவா, மாறுபட்ட சான்றுகள் எதிர்கொள்ளப்பட்டனவா, முடிபு காரணத்தோடு பொருந்துகின்றதா, பயன்படுத்துவோருக்கு விளங்குமாறு கூறப்பட்டதா என்பன. ஒவ்வொரு கூற்றிலும் தரங்களைச் சொற்களால் விளக்குதல் நன்று. இரண்டாவது கூற்றை எடுத்துக்கொண்டால், ஒரே மூலத்தை மட்டும் கொண்டது முதற்றரம். இரு மூலங்கள் முரணுகின்றன என்று குறித்து அத்தோடு நின்றது அடுத்த தரம். முரணுக்குக் காரணம் ஆராய்ந்தது அதனின் மேலானது. காரணங் கண்டு தன் முடிபைத் திருத்திக்கொண்டது தலையாயது. இவ்வாறு எழுதப்பட்ட அட்டவணை மாணாக்கருக்கு வழிகாட்டியுமாகும். குழுவுக்கு ஒரு பகுதிப் புள்ளியும், ஒவ்வொருவரும் தனித்து எழுதும் ஒரு பக்க விளக்கத்துக்கு மற்றொரு பகுதியும் வழங்கினால், ஒருவர் உழைப்பில் மூவர் இளைப்பாறுதல் நேராது.

தடைகளும் விடைகளும்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் மூன்று கருதத்தக்கன. வழிகாட்டல் குன்றிய கண்டறிமுறைகள் புதிதாகக் கற்போருக்குப் பயன்படா என்று கேர்ஷ்னர், சுவெல்லர், கிளாக் ஆகியோர் 2006 ஆம் ஆண்டில் எழுதினர். மனத்தின் செயல் நினைவு குறுகியது. அடிப்படை அறிவில்லாதான் தேடலிலேயே அதனைச் செலவிட்டுக் கற்றலுக்கு இடமின்றி நிற்பான் என்பது அவர் வாதம். இவ்வாதம் வலியது. ஆயின் நன்கு அமைந்த ஆய்வுப் பாடம் வழிகாட்டல் நிறைந்தது என்று சிமெலோ-சில்வர் முதலியோர் 2007 ஆம் ஆண்டில் மறுமொழி கூறினர். தேட்டப் பாடத்தில் மூலங்கள் தெரியப்பட்டிருத்தலும், நிரல் வகுத்த தாள் கொடுக்கப்படுதலும், முதற் பாடவேளையில் ஆசிரியர் அடிப்படையை நேரே கற்பித்தலும் இதனாலேயே. சார்திணிவு யாதென்று அறியாத வகுப்பில் நைத்திரேற்றின் முரண் விடுபடாது. கற்பித்தபின்னரே தேடவிடுதல் வேண்டும்.

இரண்டாவது தடை காலம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை அணுகும் வகுப்புகளில் ஆறு பாடவேளைகளை ஒரு பொருளுக்குக் கொடுத்தல் அரிது என்பது மெய்யே. ஆயினும் தவணைக்கு ஒன்று, ஆண்டுக்கு மூன்று என்னும் அளவில், பாடத்திட்டத்தில் எவ்வாறும் கற்பிக்க வேண்டிய அலகு ஒன்றையே தேட்டமாக அமைப்பின், காலம் கூடுதலாக வேண்டப்படாது. விஞ்ஞானம், புவியியல், தமிழ் ஆகிய மூன்று பாட ஆசிரியர் சேர்ந்து ஒரு தேட்டத்தை நடத்தின் பாடவேளைகளும் பங்கிடப்படும். ஆலோசனைக் கடிதத்தின் தமிழ் நடையும் சீர்ப்படும்.

மூன்றாவது தடை புதிது. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின், வினாவைத் தட்டச்சுச் செய்தவுடன் ஒழுங்கான கட்டுரையையே எழுதித்தரும் இயந்திரங்கள் மாணாக்கரின் கைக்கு எட்டின. அவை தரும் விடை சில வேளைகளில் உண்மையாகவும், சில வேளைகளில் உண்மைபோன்ற பொய்யாகவும் இருக்கும். நடையோ இரண்டிலும் ஒன்றே. இதனால் 'தேடி எழுதுக' என்னும் பழைய ஒப்படை முற்றும் பொருளற்றதாயிற்று. தேட்டப் பாடமும் இதனால் தாக்குறும் என்பது மறுத்தற்கரியது. ஆலோசனைக் கடிதத்தையும் இயந்திரம் எழுதும். ஆனால் குறித்த காணியை மாணாக்கர் தாமே நடந்து அளத்தல், அயற் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறிட்டுக் காணல், அவையின்முன் நின்று பரிசோதகரின் வினாவிற்கு விடையிறுத்தல் என்பன இயந்திரத்துக்கு விடக்கூடியன அல்ல. பணியில் ஒரு பகுதியேனும் நிலத்திலும் நேர்முகத்திலும் வேரூன்றி நிற்குமாறு அமைத்தல் இனி இன்றியமையாதது. இயந்திரத்தின் விடையையே மூலங்களுள் ஒன்றாக வைத்து, அதிலுள்ள பிழைகளைப் பிற சான்றுகளைக்கொண்டு கண்டுபிடிக்குமாறு பணித்தலும் ஒரு நல்வழி.

முடிவாகக் கூறத்தக்கது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவரது உடைமையை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனப் பிரித்துரைக்கும். முன்னோர் வைத்ததும் பிறர் கொடுத்ததும் ஒருபுறம் நிற்க, ஒருவர் தம் முயற்சியால் ஈட்டியதே தேட்டம். கல்வியிலும் இப்பகுப்பு உண்டு. பாடநூலும் ஆசிரியரும் தருவது முதுசம். அதனைப் பேணுதல் கடன். இணையம் கேளாமலே அள்ளித் தருவது சீதனம்போல்வது; அது பெருகியதனால் ஒருவன் அறிவுடையவன் ஆகிவிடான். அவ்விரண்டையும் முதலாகக் கொண்டு, ஐயுற்று, ஒப்புநோக்கி, அளந்து, காரணங் கண்டு தானே அடைந்த முடிபு ஒன்றே மாணாக்கனின் தேட்டம். ஒரு குழந்தை குடிக்கும் நீர் தூயதா என்னும் வினாவிற்குப் பதினைந்து வயதில் அவ்வாறு விடை கண்டவன், பிற்காலத்தில் நாட்டின் எவ்வினாவையும் பிறர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்மானியான். அத்தகையோரை ஆக்குதற்கு உரிய பணியை வகுத்துக் கொடுத்தலே, இணையம் மலிந்த காலத்தில் ஆசிரியருக்கு எஞ்சி நிற்கும் பெரும் பொறுப்பாகும்.